இடுப்பில் மாட்டும் அப்ஹால் கயிறு: மென்காற்றில் ஒரு பருவம்

பாய் பொருத்திய பலகைமேல் நின்று காற்றால் நீரில் செல்லும் விளையாட்டான விண்ட்சர்ஃபிங்கில், தண்ணீரில் விழுந்து கிடக்கும் பாயை நிமிர்த்துவதற்காக, கையால் பிடிக்கும் குறுக்குத் தண்டான பூமின் முன்முனையில் கட்டியிருக்கும் கயிற்றை அப்ஹால் என்பார்கள். இதைத் தமிழில் தூக்குக் கயிறு என்று எழுதினால் படிப்பவர் பதறிவிடுவார் என்பதால் அப்ஹால் என்ற சொல்லையே வைத்துக்கொள்கிறேன். வழக்கமான அப்ஹால், இடையிடையே முடிச்சுப் போட்ட தடித்த கயிறுதான். நான் இங்கே மதிப்பிடுவது வேறு வகை: உள்ளே ரப்பர் இழை ஓடுகிற, வெளிப்புறம் வரிசையாக வளையங்கள் வைத்துத் தைத்த, அந்த வளையங்களில் ஒன்றை, உடம்பில் கட்டிக்கொள்ளும் வார்ப்பட்டையான ஹார்னஸின் கொக்கியில் மாட்டிக்கொண்டு கைக்குப் பதிலாக இடுப்பாலும் தொடையாலும் இழுக்கிற கயிறு. ஒரு பருவம் முழுவதும், பெரும்பாலும் 4 முதல் 6 நாட் (ஒரு நாட் மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) வேகமே இருந்த காற்றில், 205 லிட்டர் பலகையிலும் 6.5 சதுர மீட்டர் பாயிலும் இதைப் பயன்படுத்தியிருக்கிறேன். என் எடை 78 கிலோ.

காற்று நன்றாக வீசும் நாளில் இந்தக் கயிற்றுக்கு வேலையே இல்லை. 12 நாட் காற்றில் தண்ணீரில் மிதந்தபடியே பாயைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தால் அது ஆளையும் சேர்த்துப் பலகைமீது ஏற்றிவிடும். வாட்டர்ஸ்டார்ட் என்பது அதுதான். ஆனால் பாயில் விழும் விசை காற்று வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே 6 நாட்டில் கிடைப்பது 12 நாட்டில் கிடைப்பதில் கால் பங்கு, 5 நாட்டில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. முன்கையைப் பூமுக்குக் கீழே, பாயைத் தாங்கும் கம்பமான மாஸ்டிலேயே பிடித்துப் பாயை இன்னும் உயரத்துக்குத் தள்ளி, பின்காலை மடக்கிக் குதிகாலைப் பிட்டத்தோடு ஒட்டவைத்து, முன்காலால் தண்ணீரை உதைத்து எழுந்தால் 8, 9 நாட் வரைக்கும் என்னால் சமாளிக்க முடிகிறது. அதற்குக் கீழே எத்தனை உத்தி தெரிந்திருந்தாலும் பாய் ஆளைத் தூக்காது; ஆள்தான் பாயைத் தூக்கியாக வேண்டும்.

அப்படித் தூக்கும்போது கனப்பது பாய் அன்று, தண்ணீர். மாஸ்ட், பூம் எல்லாம் சேர்த்து என் பாய் சுமார் 8 கிலோதான் இருக்கும். ஆனால் கிடக்கும் பாயின்மேல் தேங்கிய நீரும் மாஸ்ட் நுழைந்திருக்கும் உறைக்குள் புகுந்த நீரும் முதல் சில விநாடிகளுக்கு அதைப் பாறையாக்கிவிடுகின்றன. பாயின் வளைவைக் காக்கும் கேம்பர் துண்டுகள் வைத்த அகல உறைப் பாய்களில் இந்தத் தொல்லை இரட்டிப்பு. தொட்டியில் ஊறிய கம்பளியை ஒரு மூலையைப் பிடித்து மெல்ல எடுத்தால் நீர் தானே வடிவதுபோல, மாஸ்டின் மேல்முனை தண்ணீரை விட்டு ஒரு சாண் எழும் வரை பொறுத்திருந்தால் மீதி வேலை எளிது. பொறுமையில்லாமல் முதுகை வளைத்து வெடுக்கென்று இழுப்பதால்தான் இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

இந்தக் கயிற்றின் உண்மையான பயன் இங்கேதான் தெரிகிறது. மாஸ்ட் அடிக்கு இருபுறமும் பாதங்களை ஊன்றி, காற்று முதுகில் படும்படி நின்று, மூன்றாம் வளையத்தைக் கொக்கியில் மாட்டி, முழங்காலை மடக்கி நாற்காலியில் அமர்வதுபோல் பின்னால் சாய்ந்தால் போதும். ரப்பர் முதலில் நீள்கிறது, பிறகு இறுகுகிறது. அந்த இடைவெளியிலேயே பாயின் மேலிருந்து நீர் ஓசையோடு வழிந்து ஓடுவதைக் கேட்க முடிகிறது. அவசரப்பட்டாலும் வெடுக்கென்று இழுக்கக் கயிறு விடுவதில்லை என்பதுதான் இதன் சிறப்பு. பழைய கயிற்றில் ஏழெட்டு முறை தூக்கியதுமே கை இற்றுப்போகும். இதில் இருபது முறை விழுந்து எழுந்த நாளிலும் முன்கை மரத்துப் போகவில்லை. ஆனால் உட்காரும் வகை ஹார்னஸில்தான் இது சுகமாக இருக்கிறது. இடுப்பு ஹார்னஸில் கொக்கி மேலே இருப்பதால் பாரம் மறுபடியும் கீழ்முதுகில் வந்து விழுகிறது. முதுகைக் காப்பாற்றத்தானே இதை வாங்கினோம், அந்த நோக்கமே போய்விடுகிறது.

ஆபத்தான ஒரு குணமும் இதற்கு உண்டு. இரண்டாம் வாரத்தில், மாஸ்ட் முனை தண்ணீரில் ஒட்டிக்கொண்டிருந்தபோது முழு எடையையும் பின்னால் போட்டிருந்தேன். உறைக்குள் இருந்த நீர் வடிந்ததும் பாய் சட்டென்று விடுபட்டது, சாய்வதற்குப் பிடிமானமாக ஒரு கீற்றுக் காற்றும் இல்லை. மல்லாக்க விழுந்தேன்; பாய் பின்னாலேயே வந்து என்மேல் கவிழ்ந்தது; வளையமோ கொக்கியிலேயே இருந்தது. தண்ணீருக்கு அடியில் தடவித் தேடிக் கழற்றியது இரண்டு மூன்று விநாடிதான் இருக்கும், ஆனாலும் அந்த உணர்வை மறக்க முடியவில்லை. கயிற்றோடு வந்த குறிப்புத் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பது என் முதன்மையான குறை. பாயின் பாதி நீரை விட்டு வந்தவுடன் இடுப்பை ஒரு நொடி முன்னே கொடுத்து வளையத்தை நழுவவிட்டு, எஞ்சியதைக் கையால் தூக்குவதே பாதுகாப்பானது என்பதை நானாகத்தான் கற்றுக்கொண்டேன்.

பாய் நிமிர்ந்த பிறகு கிளம்புவதற்கு இந்தக் கயிறு உதவாது, அதை யாரும் எதிர்பார்க்கவும் கூடாது. மென்காற்றில் பலர் தடுமாறுவது அந்தக் கட்டத்தில்தான்: பூமைப் பிடித்ததும் பின்கையை இறுக்கி இழுப்பார்கள், பாய் காற்றை வாங்காமல் செத்துப்போகும், பலகை மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கும். பாய் கையில் கனமே இல்லாமல் நிற்கும் இடம் வரை மாஸ்டை முன்தோளைக் கடந்து கொண்டுவந்து, பாதங்களை மாஸ்ட் அடிக்குப் பின்னால் வைத்து, பின்கையைக் கதவு சாத்துவதுபோல் மெதுவாக மூடினால் பலகை தானே நகரத் தொடங்கும். பலகையின் நடுவிலிருந்து நீருக்குள் இறங்கும் துடுப்பை (டாகர்போர்டு) இறக்கி வைத்திருந்தால் இந்த நேரத்தில் பக்கவாட்டு ஆட்டமும் குறையும்.

சிறிய பலகை வைத்திருப்பவர்கள் இதை நம்பி ஏமாற வேண்டாம். நண்பரிடம் கடன் வாங்கிய 115 லிட்டர் பலகையில் முயன்றேன். பலகையின் ஒவ்வொரு லிட்டர் கொள்ளளவும் ஏறக்குறைய ஒரு கிலோவை மிதக்கவைக்கும். நான், பாய், ஏறத்தாழ 7 கிலோப் பலகை ஆகியவை சேர்ந்து 93 கிலோ ஆகிவிட, மிச்ச மிதப்பு 22 கிலோதான். பாயின்மேல் உள்ள நீரை இழுக்கும் பாரமும் என் கால் வழியாகப் பலகைமேலேயே இறங்குவதால், இழுக்க இழுக்கப் பலகை முழங்கால் வரை அமிழ்ந்தது. கயிறு எதுவானாலும், உடல் எடையைவிட 40 லிட்டராவது கூடுதலாக உள்ள பலகையில்தான் அப்ஹால் நிம்மதியாக நடக்கும்.

நீடித்து உழைப்பதைப் பொறுத்தவரை வெளியுறையும் வளையத் தையலும் புதிதுபோலவே இருக்கின்றன. உப்பும் வெயிலும் பட்டு உள்ளிருக்கும் ரப்பர்தான் நான்காம் மாதத்தில் தொய்ந்துவிட்டது. பிறகு கயிறு மாஸ்டோடு ஒட்டி நிற்காமல் தண்ணீரில் வால்போல் இழுபட்டு வந்தது. மாஸ்ட் அடியில் மாட்டும் கீழ்முனைக் கொக்கி மெல்லிய பிளாஸ்டிக் என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல வேளையாக, முனை முடிச்சை அவிழ்த்து ரப்பரை மட்டும் மாற்ற முடிகிறது. மாற்றும்போது பழைய அளவைவிடச் சற்றுக் குட்டையாக வெட்டினேன். இப்போது வளையம் சரியாக ஹார்னஸ் கொக்கியின் உயரத்துக்கு வந்து நிற்கிறது.