.20 வார்டார்க்குக்கு எந்தக் கூடு: .221 ஃபயர்பாலா, வெட்டிய .223-ஆ?

டாட் கிண்ட்லர் என்ற அமெரிக்கர் .221 ஃபயர்பால் என்ற துப்பாக்கித் தோட்டாவின் கழுத்தை, அதாவது குண்டைப் பிடித்திருக்கும் முன்பகுதியை, சுருக்கி உருவாக்கிய தோட்டா .20 வார்டார்க். (பெயரிலுள்ள எண் குண்டின் குறுக்களவை அங்குலத்தில் ஏறத்தாழக் குறிக்கும்.) தெற்கு டகோட்டாவின் மேய்ச்சல் நிலங்களில் பிரெய்ரி நாய்கள் எனப்படும் வளைவாழ் கொறிணிகளைச் சுடுகிறவர்கள் இதை மிகவும் விரும்புகிறார்கள். வெடிமருந்துச் செலவு குறைவு, உதைப்பு மிகச் சிறிது. ஆனால் மருந்தையும் குண்டையும் தாங்கும் பித்தளைக் கூட்டைப் பெரும்பாலும் நாமே ஆக்கிக்கொள்ள வேண்டும். .221 கூட்டின் கழுத்தை மட்டும் சுருக்கலாம், அல்லது அதைவிட நீளமான .223 ரெமிங்டன் தோட்டாவின் கூட்டை வெட்டிப் புதிதாக உருவம் கொடுக்கலாம். நான் .221-ஐத் தேர்ந்தெடுத்தேன்.

விலையில் .223-தான் வெல்லும். சுடுதளத்தில் பொறுக்கினாலே வேண்டிய அளவு கிடைக்கும். .221 விலை கூடியது. சில சமயம் கடையில் இருப்பே இருக்காது.

என் தேர்வை முடிவு செய்தது கழுத்தின் தடிமன். .223 கூட்டின் நீளம் 44.7 மி.மீ., .221-இன் நீளம் 35.6 மி.மீ. இடையிலுள்ள ஒன்பது மி.மீ.யை வெட்டினால் .223-இன் கழுத்தும், அதற்குக் கீழே சரிந்து விரியும் தோளும் மொத்தமாகப் போய்விடும். புதிய கழுத்து பழைய உடற்சுவரிலிருந்துதான் வர வேண்டும். அந்தச் சுவர் முன்பே தடித்தது. சுருக்கச் சுருக்க இன்னும் தடிக்கும். அதில் அப்படியே குண்டைப் பொருத்தினால், சுடும்போது கழுத்து விரிந்து குண்டை விடுவிக்கத் துப்பாக்கியில் தோட்டா அமரும் அறையில் இடம் இருக்காது. அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறும். அதனால் ஒவ்வொரு கழுத்தையும் வெளிப்புறம் கடைந்து மெலிதாக்கி, மைக்ரோமீட்டரால் அளந்தாக வேண்டும். அதோடும் முடிவதில்லை. கழுத்தும் தோளும் சேருமிடத்தில் உட்புறமாக ஒரு வளையம் தடித்து நிற்கும்; பலமுறை சுட்ட பிறகும் அது தலைகாட்டும். ராணுவக் கூடுகளென்றால் கூடுதல் கவனம் தேவை. அவற்றில் சில தடித்த சுவர் கொண்டவையாக இருக்கலாம். அப்படியானால் உள்ளிடம் குறைவதால் அதே அளவு மருந்துக்கு அழுத்தம் ஏறும்.

.221-இல் கழுத்தின் உட்குறுக்களவு ஏறத்தாழ 5.7-இலிருந்து 5.2 மி.மீ.க்கு இறங்கினால் போதும். ஃபின்லாந்தின் லாபுவா கூடுகள் எனக்குக் கூட்டுக்கு உருவம் கொடுக்கும் அச்சில் ஒரே அழுத்தில் உருவாகின்றன. கழுத்துச் சுவரும் சீராக இருக்கிறது. ஆனாலும் உங்கள் அறையின் கழுத்து அளவைத் தெரிந்துகொள்ளாமல் எந்தக் கூட்டையும் நம்ப வேண்டாம்.

வெட்டி உருவாக்கிய கூட்டில் இறுக்கம் தங்கிவிடும். கழுத்தைச் சூடாக்கித் தளர்த்த வேண்டும். அந்த இறுக்கம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் குதிரை லாயங்களுக்கு அருகே சேமித்த தோட்டாக்கள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. பித்தளையில் தங்கிய இறுக்கமும் லாயத்து அம்மோனியாவும் சேர்ந்ததே காரணம்.

.17 ரெமிங்டன் என்ற இன்னொரு சிறு தோட்டாவில் என் அனுபவம் குறைவு. அங்கே .223-இன் தோளைப் பின்னுக்குத் தள்ளிக் கழுத்தைச் சுருக்கினால் போதும் என்பதால் வெட்டும் தொல்லை இல்லை. என் வாதத்தை அதற்கு அப்படியே பொருத்த மாட்டேன். கடைசல் கருவியும் பொறுமையும் உள்ளவர் .223-ஐ எடுக்கலாம். அடியில் ".223" என்ற முத்திரை அப்படியே இருக்கும் என்பதால், பெட்டியின்மேல் உண்மைப் பெயரைப் பெரிதாக எழுதி, தனியாக வையுங்கள்.