கடையின் இன்ஸ்டா கணக்கு பூட்டிக்கொண்டால்: மெட்டாவின் மீட்பு வழிகள் எந்த அளவுக்குக் கைகொடுக்கின்றன?

இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் மூன்றையும் நடத்தும் மெட்டாவின் இலவச மீட்பு வழி தனி ஆளின் கணக்குக்கு நன்றாகவே வேலை செய்கிறது. கடைக் கணக்கு என்று வந்துவிட்டால் திணறுகிறது. அந்த வழி கேட்பது ஒரு முகத்தை. கடைக் கணக்கில் இருப்பதோ சேலையும் கேக்கும் லோகோவும். இந்த ஒரு பொருத்தமின்மையைப் புரிந்துகொண்டால், எந்த வழியில் போக வேண்டும், எதில் நேரம் வீணாகும் என்பது தெளிவாகிவிடும்.

முதல் வேலை, பூட்டு எந்த வகை என்று பார்ப்பது. பாஸ்வேர்டு மறந்துபோனது, ஓடிபி வரும் போன் தொலைந்தது என்றால் கணக்கு இன்னும் உங்களுடையதுதான். சாவி மட்டும் இல்லை. மெயிலும் எண்ணும் மாற்றப்பட்டு, பெயரும் படமும் மாறியிருந்தால் வேறு ஒருவர் உள்ளே இருக்கிறார். ‘உங்கள் கணக்கு இடைநிறுத்தப்பட்டுள்ளது’ என்ற திரை வந்தால் பூட்டியது மெட்டாவே. மூன்றுக்கும் வாசல் வேறு வேறு. இடைநிறுத்தப்பட்ட கணக்குக்குப் பாஸ்வேர்டு மாற்றும் படிவத்தை எத்தனை முறை நிரப்பினாலும் பயனில்லை.

வேறு ஒருவர் உள்ளே இருக்கிறார் என்றால், கணக்கைத் தேடுவதற்கு முன் பணத்தைப் பாருங்கள். விளம்பரக் கணக்கில் கிரெடிட் கார்டு இணைத்திருந்தால், கணக்கைப் பிடித்தவர் அந்த கார்டில் தன் விளம்பரத்தை ஓட்டுவார். வங்கிச் செயலியில் அந்த கார்டின் ஆன்லைன் பரிவர்த்தனையையும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் உடனே நிறுத்துங்கள். பணம் எடுக்கப்பட்டிருந்தால் வங்கிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் மீதும் வங்கி மீதும் தவறில்லாத மோசடியை 3 வேலை நாட்களுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை. 4 முதல் 7 நாள் என்றால் பொறுப்பு வரம்புக்குட்பட்டது. ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தால் இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. ஆனாலும் முதல் மணி நேரத்திலேயே தெரிவித்துவிடுவதுதான் நல்லது.

அடுத்தது மெயில். கணக்கின் மெயில் முகவரி மாற்றப்பட்டதும் பழைய முகவரிக்கு இன்ஸ்டாகிராம் ஒரு தகவல் அனுப்பும். அனுப்பும் முகவரி, செக்யூரிட்டி அட் மெயில் டாட் இன்ஸ்டாகிராம் டாட் காம். மாற்றத்தைத் திரும்பப் பெறும் இணைப்பு அதற்குள்ளேயே இருக்கும். மெட்டா தரும் வழிகளிலேயே மிகச் சிறந்தது இதுதான். ஒரே தட்டில் பழைய நிலை திரும்பும். இது கிடைத்தவருக்கு முகமும் வேண்டாம், ஆவணமும் வேண்டாம்.

அந்த மெயில் வரவே இல்லை என்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஜிமெயிலும் சேர்ந்து பிடிபட்டிருந்தால், இன்ஸ்டாகிராமிலிருந்து வருவதை எல்லாம் நேராகக் குப்பைக்கு அனுப்பும் ஃபில்டர் ஒன்றை வைத்துவிடுவார்கள். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, அமைப்புகளில் ‘ஃபில்டர்கள், தடுக்கப்பட்ட முகவரிகள்’ பகுதியையும் ‘ஃபார்வர்டிங்’ பகுதியையும் பாருங்கள். நீங்கள் வைக்காத ஃபில்டரை நீக்குங்கள். குப்பைத் தொட்டியில் தேடுங்கள். மெயிலைச் சுத்தம் செய்யாமல் இன்ஸ்டாவை மீட்டால் சில மணி நேரத்தில் அது மறுபடி போய்விடும். கூகுள் கணக்கிலேயே மீட்பு எண்ணை மாற்றியிருந்தால்கூட, பழைய எண்ணை வைத்து 7 நாள் வரை மீட்க கூகுள் இடம் கொடுக்கிறது. இந்த விஷயத்தில் மெட்டாவைவிட கூகுள் ஒரு படி மேல்.

மெயில் வழி அடைபட்டால் இன்ஸ்டாகிராம் டாட் காம் ஸ்லாஷ் ஹேக்டு என்ற பக்கம். ஃபேஸ்புக்குக்கும் இதேபோல ஃபேஸ்புக் டாட் காம் ஸ்லாஷ் ஹேக்டு உண்டு. இதைத் திறக்கும் இடம் முக்கியம். வழக்கமாக லாகின் செய்யும் அதே போன், அதே கடை வைஃபை. விபிஎன் கூடாது, பிரவுசிங் சென்டர் கூடாது, புது போன் கூடாது. பழகிய கருவி, பழகிய இடம் என்பதே அந்த அமைப்பு பார்க்கும் முதல் அடையாளம். பழைய போன் டிராயரில் கிடந்தால் சார்ஜ் போட்டு அதிலேயே முயலுங்கள்.

கணக்கின் பெயரைக் கேட்கும் இடத்தில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். பிடித்தவர் பெயரை மாற்றியிருப்பார். பழைய பெயரைத் தட்டினால் அப்படி ஒரு கணக்கே இல்லை என்று வரும். உங்கள் கணக்கோடு முன்பு பேசிய வாடிக்கையாளர் ஒருவரின் போனில் அந்தப் பழைய உரையாடலைத் திறக்கச் சொல்லுங்கள். மேலே புதிய பெயர் தெரியும். அந்தப் பெயரைப் படிவத்தில் கொடுங்கள். மீண்ட பிறகு, பெரும்பாலும் 14 நாட்களுக்குள் என்றால் பழைய பெயருக்கே திரும்பிவிடலாம்.

இதற்கு மேல் பாதை இரண்டாகப் பிரியும். கணக்கில் உங்கள் முகம் தெரியும் படங்கள் இருந்தால் வீடியோ செல்ஃபி கேட்கும்: திரை சொல்லும் திசையில் தலையைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். முகத்துக்கு நேர் வெளிச்சம் விழும்படி நில்லுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டினால் முகம் கறுத்துப்போகும். கண்ணாடி, தொப்பி, மாஸ்க் வேண்டாம். பியூட்டி மோடு அணைந்திருக்கட்டும். வேகமாகத் திருப்பினால் படம் கலங்கும். நிராகரித்தால் திரும்பக் கொடுக்கலாம், ஆனால் அதே வெளிச்சத்தில் அதே குறையோடு திரும்பத் திரும்ப அனுப்பிப் பயனில்லை. கணக்கில் முகம் வராத தம்பியோ, கடைப் பையனோ செல்ஃபி கொடுத்தால் நிச்சயம் போகாது. பதிவுகளில் யார் முகம் இருக்கிறதோ அவர்தான் கேமரா முன் நிற்க வேண்டும்.

முகமே இல்லாத கணக்குக்கு வேறு கேள்விகள் வரும்: கணக்கு தொடங்கியபோது கொடுத்த மெயில் அல்லது எண், அப்போது பயன்படுத்திய கருவி ஆண்ட்ராய்டா, ஐபோனா. கடைக் கணக்குகள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. கணக்கைத் தொடங்கியவர் அன்றைக்கு வேலையில் இருந்த டிசைனராக இருப்பார். அவர் மெயிலும் அவர் எண்ணும்தான் பதிவில் இருக்கும். அல்லது கடைக்கென்று வாங்கிய பழைய சிம் ரீசார்ஜ் இல்லாமல் செத்திருக்கும். துண்டித்த எண்ணை 90 நாள் வரை வேறு யாருக்கும் தரக்கூடாது என்பது விதி. அதற்குப் பிறகு அந்த எண் இன்னொருவர் கையில் இருக்கலாம். எண் இன்னும் உங்கள் பெயரில் இருந்தால், டூப்ளிகேட் சிம் வாங்கி ஓடிபி பெறலாம். புதிய சிம் செயல்படத் தொடங்கியதும் முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் நிறுத்திவைக்கப்படும். வராத ஓடிபியை அன்று முழுக்கத் தட்டிக்கொண்டிருந்து முயற்சிகளைத் தீர்த்துவிடாதீர்கள், மறுநாள் தொடங்குங்கள்.

நண்பர்கள் இருவரைக் கொண்டு உறுதிசெய்யும் வாய்ப்பை 2022 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் அறிவித்தது. திரையில் அது வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இருவரும் 24 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதால் முன்கூட்டியே போனில் சொல்லிவையுங்கள்.

ஃபேஸ்புக் பேஜ் கதை வேறு. பேஜுக்கென்று தனிப் பாஸ்வேர்டு கிடையாது. அட்மினாக இருக்கும் தனிக் கணக்கு வழியாகத்தான் உள்ளே போக முடியும். ஆகவே பேஜ் போனால் மீட்க வேண்டியது அந்தத் தனிக் கணக்கை. முழுக் கட்டுப்பாடு உள்ள இன்னொரு அட்மின் இருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. பேஜில் உள்ள ‘பேஜ் டிரான்ஸ்பரன்சி’ பகுதியில் பெயர் மாறிய தேதியும், நிர்வகிப்பவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதும் தெரியும். உங்கள் பேஜை நிர்வகிப்பவர் நீங்கள் கேள்விப்படாத நாட்டில் இருப்பதாகக் காட்டினால் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு எழுதும் ஒவ்வொரு புகாருக்கும் அது ஆதாரம்.

விளம்பரம் கொடுத்த கணக்குகளுக்கு ஒரு கூடுதல் வாசல் உண்டு: மெட்டா பிசினஸ் உதவிப் பக்கத்தின் சாட். இது எல்லோருக்கும் தெரிவதில்லை, ஒரே ஆளுக்கே ஒருநாள் தெரியும், மறுநாள் தெரியாது. கடையின் பேஜையும் விளம்பரக் கணக்கையும் ஒன்றாகச் சேர்த்து வைத்திருக்கும் அதே பிசினஸ் போர்ட்ஃபோலியோவில் அனுமதி உள்ள வேறொருவர் தன் கணக்கில் திறந்து பார்க்கட்டும். சாட் கிடைத்தால் கையில் வைத்திருக்க வேண்டியவை: பேஜ் ஐடி எண், விளம்பரக் கணக்கு எண், கடைசி விளம்பர ரசீது, ஜிஎஸ்டி சான்றிதழ், மாற்றம் நடந்த தேதியும் நேரமும். ‘என் அக்கவுண்ட் போச்சு, உதவுங்கள்’ என்று ஆரம்பித்தால் பொதுவான இணைப்பு ஒன்றைக் கொடுத்து முடித்துவிடுவார்கள். எண்களோடு ஆரம்பித்தால் கேஸ் எண் கிடைக்கும். அந்த எண்தான் முக்கியம்.

காசு கட்டும் மெட்டா வெரிஃபைடு, இந்தியாவில் 2023 ஜூனில் செயலி வழியாக மாதம் 699 ரூபாய்க்கு வந்தது. பிசினஸ் திட்டங்கள் அதன்பின் தனியாக வந்தன. நீல டிக்கை விடுங்கள், இதில் உண்மையான மதிப்பு மனிதரோடு பேசக் கிடைக்கும் வாய்ப்பு. ஆனால் பூட்டிய கணக்கின் பேரில் இதை வாங்க முடியாது. வேறு கணக்கில் வாங்கிக் கேட்டால் ‘சந்தா உள்ள கணக்குக்கு மட்டும்தான் உதவி’ என்று சொல்ல இடமுண்டு. ஆர்டர் முழுக்க இன்ஸ்டாவில் வரும் கடைக்கு, கணக்கு நன்றாக இருக்கும்போதே கட்டுவது நியாயமான செலவு. வாரம் இரண்டு பதிவு போடும் கடைக்குத் தேவையில்லை.

மெட்டாவே இடைநிறுத்திய கணக்குக்கு மேல்முறையீடு செய்ய 180 நாள் உண்டு. அது தாண்டினால் நிரந்தரமாக மூடப்படும். தாமதிக்காதீர்கள்; ஆனால் கோபத்தில் முதல் ஐந்து நிமிடத்திலேயே அனுப்பியும் விடாதீர்கள். எந்த விதியைச் சொல்லி நிறுத்தினார்கள் என்று படித்து, அந்த ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். பெரிய பிராண்டின் படத்தைப் போட்டதுதான் காரணம் என்றால், டீலர் பில்லோ அனுமதிக் கடிதமோதான் பேச வேண்டும். அடையாளச் சான்றில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் ஒத்துப்போகட்டும். ஆதார் கொடுப்பதானால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் போதும். இன்னொன்று: ஒரே அக்கவுண்ட்ஸ் சென்டரில் (மெட்டா கணக்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் பகுதி) இணைந்திருக்கும் வேறொரு கணக்கு விதியை மீறினாலும் உங்கள் கணக்கு நிற்கலாம். ஊழியரின் தனிக் கணக்கைக் கடைக் கணக்கோடு இணைத்து வைப்பது வேண்டாத வம்பு.

படிவங்கள் எதுவும் பதில் தராதபோது இந்தியாவில் இருப்பவர்களுக்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. இதைத் தெரிந்து பயன்படுத்துகிறவர்கள் குறைவு என்பதுதான் வருத்தம். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, 50 லட்சத்துக்கு மேல் பயனர் உள்ள தளங்கள் இந்தியாவில் வசிக்கும் குறைதீர் அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகார் கிடைத்ததாக 24 மணி நேரத்தில் சொல்லி 15 நாளில் தீர்க்க வேண்டும் என்றுதான் அந்த விதிகள் வந்தன. அவருக்கான படிவம் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் உதவிப் பக்கங்களில் இருக்கிறது. அவர் பதில் திருப்தி இல்லையென்றால், பதில் கிடைத்த 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். 2023 மார்ச் முதல் இதற்கு இணையதளம் இருக்கிறது: ஜிஏசி டாட் கவ் டாட் இன். எல்லாம் ஆன்லைனிலேயே நடக்கும். முன்பு வாங்கிய கேஸ் எண்ணும் ஸ்க்ரீன்ஷாட்டும் இங்கே உதவும்.

கணக்கைப் பிடித்தவர் உங்கள் பெயரில் வாடிக்கையாளரிடம் பணம் கேட்டால் 1930 என்ற எண்ணுக்கும் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்துக்கும் புகார் போக வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் அடையாளத் திருட்டு பிரிவு 66சி, ஆள்மாறாட்ட மோசடி 66டி. இரண்டுக்கும் 3 ஆண்டு வரை சிறை. போலீஸ் புகார் கணக்கைத் திறந்து தராது, ஆனால் ஏமாந்த வாடிக்கையாளர் உங்கள் மேல் பாயும்போது கையில் காகிதம் இருக்கும்.

‘எனக்கு மெட்டாவுக்குள் ஆள் இருக்கிறது, ஜிபே பண்ணுங்கள்’ என்று வருகிறவர்களை நம்பவே வேண்டாம். கணக்கு போனதாக நீங்கள் ஒரு பதிவு போட்டதும் கீழே வரிசையாக வந்து நிற்பார்கள். முன்பணம் வாங்குவார்கள், பிறகு பேக்கப் கோடு, அதாவது ஓடிபி வராதபோது உள்ளே போக உதவும் எண், கேட்பார்கள். அதைக் கொடுத்தால் மிச்சம் இருந்த சாவியும் போய்விடும்.

வாட்ஸ்அப் பிசினஸ் போனால் வழி சுருக்கம். அதே எண்ணை உங்கள் போனில் மறுபடி பதிவுசெய்து ஆறு இலக்கக் குறியீட்டைக் கொடுத்தாலே மற்றவர் வெளியேறிவிடுவார். அவர் இரண்டடுக்குப் பாதுகாப்புக்கான ரகசிய எண் வைத்திருந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 7 நாளும் அவரும் உள்ளே இருக்க முடியாது. எண் யாரிடமோ கணக்கு அவரிடம் என்ற இந்த எளிய கணக்குதான் இன்ஸ்டாவில் இல்லாதது.

கணக்கு திரும்பி வந்ததும் பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது. திருட்டு மென்பொருள் போட்ட கணினியிலிருந்து பிரவுசர் செஷனே, அதாவது ஏற்கெனவே லாகின் செய்துவைத்த நிலையே, களவு போயிருக்கலாம். அதற்குப் பாஸ்வேர்டு தேவையே இல்லை. எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக் அவுட் செய்யுங்கள். அக்கவுண்ட்ஸ் சென்டரில் தெரியாத கணக்கு, மெயில், எண் இருந்தால் நீக்குங்கள். இணைத்த செயலிகளையும் பாருங்கள். ஓடிபியை எஸ்எம்எஸ்ஸிலிருந்து, போனிலேயே குறியீட்டை உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் செயலிக்கு மாற்றுங்கள். விளம்பரத்துக்கு கார்டை எடுத்துவிட்டு, யுபிஐயில் முன்கூட்டியே பணம் போடும் முறைக்கு மாறினால், அடுத்த முறை போனாலும் போவது அந்த இருப்பு மட்டும்தான். கடைசியாக பேக்கப் கோடுகள்: இன்ஸ்டாகிராம் 5 தரும், ஃபேஸ்புக் 10 தரும். பழையவற்றை உள்ளே இருந்தவர் பார்த்திருப்பார் என்றே வைத்துக்கொண்டு புதிதாக உருவாக்குங்கள். தாளில் அச்சிட்டு, ஜிஎஸ்டி சான்றிதழ் இருக்கும் அதே ஃபைலில் வைத்துவிடுங்கள்.