தூக்கத்துக்காகக் கைரோபிராக்டிக் போனேன், கால் நீளத்தை அளந்தார்கள்

பேக்கேஜ் விலையைக் குறைத்துவிட்டார்களாம். நான் போய்க்கொண்டிருக்கும் கைரோபிராக்டிக் (முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தித் திருப்பும் சிகிச்சை) கிளினிக்கிலிருந்து செய்தி வந்திருக்கிறது, "மருந்தில்லாத ஆழ்ந்த உறக்கம்" என்ற அதே பழைய தலைப்போடு. முழு விலை கொடுத்துச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தைகூட இல்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன், படிப்பவர்கள் அதற்கேற்பக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

போனதற்குக் காரணம் அந்த "மருந்தில்லாத" என்ற சொல்தான். ஜோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையைப் போட்டால் தூக்கம் வரும், வராமல் இல்லை, ஆனால் மறுநாள் மதியம்வரை தலைக்குள் பஞ்சை அடைத்துவைத்ததுபோல இருக்கும். இது என் பிரமை இல்லை. காலையில் எழுந்த பிறகும் மருந்து ரத்தத்தில் தங்கியிருக்கிறது என்பதால்தான் 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்னது. தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, வண்டி ஓட்டுவது என்று சிலருக்கு நடந்ததால் 2019-இல் கட்டம் கட்டிய எச்சரிக்கையும் போடவைத்தார்கள். இதையெல்லாம் படித்தவனுக்கு மாத்திரை இல்லாமல் தூக்கம் என்று யாராவது சொன்னால் காது அந்தப் பக்கம் திரும்பத்தானே செய்யும்?

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். என் கழுத்து சரியாகிவிட்டது. பல வருடமாக இடது பக்கம் முழுதாகத் திரும்பாத கழுத்து, பின்னால் வரும் வண்டியைப் பார்க்க உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது, இப்போது தலையை மட்டும் திருப்பினால் போதும். ஒருக்களித்துப் படுத்தால் நடுராத்திரியில் தோள் வலித்து எழுப்பும், அதுவும் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. வலியால் விழிப்பு வருகிறவனுக்கு வலி போனால் அந்த விழிப்பும் போகும், அந்த அளவுக்குத் தூக்கமும் கூடியது. சிகிச்சையாளருக்குக் கை பேசுகிறது, எங்கே இறுகியிருக்கிறது என்று நான் வாயைத் திறக்கும் முன்பே விரல் அங்கே போய்விடும். இன்னொரு விஷயம், சொன்னால் சிரிப்பீர்கள்: வீட்டுக் கட்டிலில் விடிய விடியப் புரள்கிறவன், அந்தக் குறுகலான மேசையில், முகத்தை ஓட்டைக்குள் வைத்துக் குப்புறப் படுத்தபடி, அவர் வருவதற்குள் தூங்கிப்போயிருக்கிறேன். ஒருமுறை இல்லை, பலமுறை.

இனி கால் விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு தடவையும் நடப்பது இதுதான். குப்புறப் படுக்கச் சொல்வார். இரண்டு குதிகாலையும் சேர்த்துப் பிடித்து, "வலது கால் கொஞ்சம் குட்டையா இருக்கு" என்பார். இடுப்பில் ஒரு அழுத்து, கழுத்தில் ஒரு திருப்பு, மளுக்கென்று ஒரு சத்தம். மறுபடியும் குதிகாலைப் பிடிப்பார். "இப்போ பாருங்க, சமமாயிடுச்சு." நான் எங்கே பார்ப்பது, குப்புறக் கிடக்கிறேன்! அடுத்த வாரம் போனால் கால் மறுபடியும் குட்டை. ஒரு நாள் இடது கால் குட்டை என்றார். போன வாரம் வலது என்றீர்களே என்று கேட்டதற்கு, உடம்பு ஈடுகட்டிக்கொள்கிறது என்று பதில். சமமானால் சிகிச்சை பலித்தது, சமமாகாவிட்டால் சிகிச்சை இன்னும் வேண்டும். தோற்கவே முடியாத ஒரு பரீட்சை. கால்களுக்குள் சில மில்லிமீட்டர் வித்தியாசம் பெரும்பாலானோருக்கு உண்டு, படுத்திருக்கும்போது இடுப்பு லேசாக அசைந்தாலே குதிகால் முன்னே பின்னே போகும். அதற்கும் ராத்திரி இரண்டு மணிக்கு நான் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று இதுவரை யாரும் எனக்கு விளக்கவில்லை.

என்னைக் கடுப்பேற்றுவது அந்த அளவை மட்டும் இல்லை. இத்தனை காலத்தில் ஒரு தடவைகூட, எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், படுத்தபின் எவ்வளவு நேரம் விழித்திருக்கிறீர்கள், பகலில் கண்ணயர்கிறீர்களா, குறட்டை உண்டா, எதையாவது நினைத்துக் கவலைப்படுகிறீர்களா என்று அங்கே யாரும் கேட்டதில்லை. தூக்கம் என்ற பேச்சு வாசலில் இருக்கும் பலகையோடு சரி. உள்ளே போனால் கால்தான்.

அந்த மளுக் சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்பிக்கையில் பாதி அதில்தான் இருக்கிறது. எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தம் என்று நினைத்துக்கொண்டு பலரும் படுக்கிறார்கள். விரலில் நெட்டி முறித்தால் வரும் அதே சத்தம்தான். மூட்டு விலகும்போது உள்ளே இருக்கும் திரவத்தின் அழுத்தம் சட்டென்று குறைந்து ஒரு வாயுக் குமிழி உண்டாகிறது, 2015-இல் எம்ஆர்ஐ மூலம் விரல் மூட்டில் இதைப் படமாகவே பிடித்துவிட்டார்கள். சத்தம் வந்த பிறகு உடம்பு இலேசாகத்தான் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நெட்டி முறித்ததால் தூக்கம் வந்தது என்று எந்த விரலும் சொன்னதில்லை.

கைரோபிராக்டிக்கின் வேர் பழையது. 1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் ஊரில் டி. டி. பாமர் என்பவர், காது கேளாத ஒரு துப்புரவுத் தொழிலாளியின் முதுகில் அழுத்திக் கேட்கும் திறனைத் திரும்பக் கொண்டுவந்ததாகச் சொன்னதில் தொடங்குகிறது. 95 சதவீத நோய்களுக்கு இடம்பெயர்ந்த முள்ளெலும்பே காரணம் என்று அவர் எழுதிவைத்தார். காது அந்தக் கணக்கில் வந்தால் தூக்கம் வராமல் போகுமா. இன்றைக்குப் பல கைரோபிராக்டர்கள் முதுகு, கழுத்து வலியோடு நிறுத்திக்கொள்கிறார்கள், அதற்கு ஓரளவு ஆதாரமும் இருக்கிறது. கீழ்முதுகு வலிக்கு மருந்துக்கு முன்னால் முயன்று பார்க்கலாம் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2017-இல் சொன்ன பட்டியலில் முதுகெலும்பைக் கையால் அசைக்கும் சிகிச்சையும் உண்டு. தூக்கமின்மைக்கு அப்படி எந்தப் பரிந்துரையும் கிடையாது.

அதே கல்லூரி தூக்கமின்மைக்கு முதலில் கொடுக்கச் சொன்னது என்ன தெரியுமா? 2016-இலேயே சொல்லிவிட்டார்கள், சிபிடி-ஐ என்ற நடத்தைச் சிகிச்சை. அதுவும் மருந்தில்லாததுதான்! தூக்கம் வராவிட்டால் கட்டிலைவிட்டு எழுந்துவிடுவது, எழும் நேரத்தை மாற்றாமல் வைத்திருப்பது, படுக்கையில் இருக்கும் நேரத்தையே சுருக்குவது என்று போகும். நானும் இடையில் அதை ஆரம்பித்தேன். சுலபம் இல்லை, முதல் சில வாரம் இன்னும் மோசமாகி, உட்கார்ந்த இடத்திலெல்லாம் கண் சொருகியது. அப்புறம்தான் படுத்தால் தூக்கம் பிடிக்க ஆரம்பித்தது. எது எவ்வளவு உதவியது என்று துல்லியமாகப் பிரிக்க என்னால் முடியாது, இரண்டும் ஒரே காலத்தில் நடந்தன. தூக்கமின்மை தானாகவே ஏறி இறங்குகிற சமாசாரம் வேறு, உச்சத்தில் இருக்கும்போதுதானே யாரும் கிளினிக் படியேறுவார்கள், அடுத்த வாரம் எதுவும் செய்யாமலே சற்றுக் குறைந்திருக்கும். ஆனால் சிபிடி-ஐ நாட்குறிப்பைப் புரட்டினால், மாற்றம் தொடங்கிய இடம் நேரத்தைச் சுருக்கிய இடம்தான், குதிகாலைப் பிடித்த இடம் இல்லை.

விலை குறைந்ததைக் கேள்விப்பட்டு ஒரு நண்பர், நானும் சேரட்டுமா என்கிறார். அவருக்குக் கழுத்து வலியே இல்லை. படுத்தால் உடனே தூங்கிவிடுவார், நடுவில் நடுவில் திடுக்கிட்டு விழிப்பார், சுவர் அதிரக் குறட்டை, பகல் முழுக்கக் கொட்டாவி. குறட்டைக்கு நடுவே மூச்சே நின்றுபோவதாக அவர் மனைவி சொல்கிறார். இது ஸ்லீப் அப்னியாவாக இருக்கலாம், முதலில் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். இந்த நிலையில் ஒருவர் அங்கே போனாலும் காலைத்தான் பிடித்துப் பார்த்திருப்பார்கள் என்பதை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

வலிக்காகப் போகிறவர்களுக்கு ஒன்று. கழுத்தைச் சட்டென்று திருப்புவதில் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்ததாகப் பதிவுகள் உண்டு, மிக அரிது, ஆனால் உண்டு. திருப்ப வேண்டாம், மெதுவாக அழுத்தினால் போதும் என்று கேட்கலாம், நான் பின்னால் அப்படித்தான் கேட்டேன், மறுக்காமல் செய்தார். சிகிச்சைக்குப் பிறகு இதுவரை இல்லாத தலைவலியோ, பேச்சுக் குழறலோ, பார்வை இரட்டையாகத் தெரிவதோ வந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள், கிளினிக்குக்குப் போன் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள்.

கழுத்துக்கு நாலு நட்சத்திரம் தாராளமாகக் கொடுப்பேன். தூக்கத்துக்கு ஒன்று. சராசரி போட்டால் இரண்டரை வரும், போட மாட்டேன். பலகையில் எழுதியிருப்பது உறக்கம், அதனால் மொத்தத்துக்கும் ஒன்றுதான். பேக்கேஜில் மிச்சம் இருக்கும் வாரங்களுக்குப் போகத்தான் போகிறேன், கட்டிய காசு திரும்ப வராதாம்.