11, 35, 110: லேப்டாப்புக்கு யூஎஸ்பி லேன் அடாப்டர், நாள்பட்ட பயன்பாட்டில் தெரிந்தவை

மெல்லிய லேப்டாப்புகளில் லேன் போர்ட் (நெட்வொர்க் வயர் செருகும் துளை) இப்போது பெரும்பாலும் வருவதில்லை. நான்கைந்து டெஸ்க்டாப் இருக்கும் அலுவலகத்தில் அப்படியொரு லேப்டாப்பை வயரில் சேர்க்க யூஎஸ்பி கிகாபிட் (விநாடிக்கு 1000 மெகாபிட்) அடாப்டர்தான் வழி. ரியல்டெக் ஆர்டிஎல்8153 சிப் உள்ள அடாப்டர், கணினிகளை வயரால் இணைக்கும் எட்டு போர்ட் கிகாபிட் ஸ்விட்ச், கேட்5இ வகை நெட்வொர்க் வயர், விண்டோஸ் 10, 11 கணினிகள்: இந்த அமைப்பை ஆண்டுக்கணக்கில் அன்றாடம் ஓட்டியதன் பயன் இந்தக் குறிப்பு. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். அடாப்டர் நல்ல பொருள்தான். தகராறு வந்தால் பெரும்பாலும் பழி வயர் முனைமீதோ, யூஎஸ்பி போர்ட்மீதோ, விண்டோஸ் செட்டிங்மீதோதான் விழ வேண்டும்.

எதன்மீது என்று தெரிய எந்தச் சாஃப்ட்வேரும் வேண்டாம். 5 ஜிபி அளவில் ஒரே ஃபைலாக எடுத்து, எஸ்எஸ்டியிலிருந்து இன்னொரு கணினியின் எஸ்எஸ்டிக்குக் காப்பி போடுங்கள். முதல் சில விநாடிகள் காட்டும் வேகம் மெமரியின் மாயம். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆயிரம் சின்ன ஃபைல் உள்ள ஃபோல்டரை வைத்து அளப்பதும் வீண், அது எந்த நெட்வொர்க்கிலும் மெதுவாகத்தான் போகும். வேகம் நிலைத்த பிறகு விநாடிக்கு 110 எம்பி வாக்கில் நின்றால் எல்லாம் சரி, கிகாபிட்டின் நடைமுறை உச்சம் அதுதான். 35 வாக்கில் நின்றால் யூஎஸ்பியைப் பாருங்கள். 11 என்றால் வயர். ஒரு நிலையில் நிற்காமல் ஏறி இறங்கினால் அது தனிக் கதை.

11 ஏன் வருகிறது? இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு (விநாடிக்கு 100 மெகாபிட்) இறங்கிவிட்டது என்று பொருள்; எட்டு பிட் ஒரு பைட் என்பதால் காப்பியில் 11 எம்பி வாக்கில்தான் தேறும். அந்த இணைப்புக்குக் கனெக்டரின் எட்டுப் பின்களில் 1, 2, 3, 6 ஆகிய நான்கு போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். 4, 5, 7, 8இல் ஒன்று தொடாமல் போனாலும் இரு முனைகளும் பேசிப் பார்த்துவிட்டு 100க்கு இறங்கிவிடும். இன்டர்நெட் ஓடும், ஃபைல் திறக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. அடாப்டரின் ஸ்டேட்டஸ் விண்டோவில் ஸ்பீட் 1.0 ஜிபிபிஎஸ் என்று இருக்கிறதா, 100 எம்பிபிஎஸ் என்று இருக்கிறதா என்பதைப் பார்த்தால் உறுதியாகிவிடும். ஸ்விட்ச்சும் பழைய 10/100 வகை அல்ல என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வயர் முனையிலுள்ள கனெக்டரை வெட்டிவிட்டு, புதியதை மறுபடி கிரிம்ப் செய்யுங்கள் (கருவியால் அழுத்திப் பொருத்துங்கள்). இரு முனையிலும் ஒரே வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். ஜோடிக் கம்பிகளின் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது. வெளி உறை கனெக்டருக்குள் நுழைந்து, கிளாம்ப் அந்த உறையைக் கடித்திருக்க வேண்டும். வெளியே வண்ணக் கம்பிகள் தெரிகிற கனெக்டர், லேப்டாப்பைப் போல நாளும் இழுபடும் இடத்தில் சீக்கிரமே விட்டுவிடும். சொல்லப்போனால் லேப்டாப் பக்கம் கையால் கிரிம்ப் செய்த வயரையே கொடுக்கக் கூடாது. சுவரில் ஒரு ஐ/ஓ பாக்ஸ் (லேன் சாக்கெட்), அங்கிருந்து மேசைக்கு நெகிழ்வான பேட்ச் கார்டு (இரு முனையிலும் கனெக்டரோடு விற்கும் சின்ன வயர்) என்பதே நீடிக்கும் ஏற்பாடு.

விலை குறைவென்று வாங்கும் வயரிலும் ஒரு கண்ணி உண்டு. அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய சிசிஏ வயர், 305 மீட்டர் பெட்டியிலேயே கிடைக்கிறது. பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலே எடை குறைவு தெரியும். கம்பியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம். இரண்டு மூன்று முறை மடக்கினால் உடைந்துவிடும். தேவை முழுச் செம்பு.

ஏறி இறங்கும் வேகத்துக்கு வருவோம். வண்ணங்களை 1-2, 3-4, 5-6, 7-8 என்று ஜோடி ஜோடியாக அடுக்கிக் கிரிம்ப் செய்வது பரவலாக நடக்கும் பிழை. எல்இடி டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை வரிசையாக எரியும், ஏனென்றால் அது தொடர்ச்சியை மட்டுமே பார்க்கிறது. ஆனால் 3, 6 பின்கள் ஒரே முறுக்கு ஜோடியில் இல்லாததால் சிக்னல்கள் ஒன்றோடொன்று கலந்து பாக்கெட்டுகள் சேதமாகும். சின்ன வயரில் தப்பித்துப் போகும், 30, 40 மீட்டரில் மாட்டிக்கொள்ளும். இன்னொரு காரணம், யாரோ ஒரு கணினியில் ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ் செட்டிங்கை '100 ஃபுல்' என்று கையால் மாற்றி வைத்திருப்பது. எதிர்முனை ஆட்டோவில் இருந்தால் அது ஹாஃப் டூப்ளெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) என்று எடுத்துக்கொள்ளும், காப்பி நொண்டும். இரண்டு பக்கமும் ஆட்டோவிலேயே விடுங்கள். வயர் மாட்டியிருந்தும் காப்பி வைஃபை வழியாகப் போவதும் உண்டு. டாஸ்க் மேனேஜரில் எந்தக் கிராஃப் ஏறுகிறது என்று பார்த்தால் போதும்.

35இல் நின்றால் அடாப்டர் யூஎஸ்பி 2.0ஆக ஓடுகிறது. போர்ட் 3.0தானா என்று பாருங்கள். ஆம் என்றால் அடாப்டரைக் கழற்றி, தயங்காமல் ஒரே வீச்சில் செருகுங்கள். 3.0 பின்கள் பிளக்கின் உள்பக்கம் பின்னால் இருப்பதால், மெதுவாக நுழைத்தால் முன்வரிசைப் பின்கள் மட்டும் முதலில் தொட்டு 2.0ஆகவே இணைந்துவிடும். டைப்-சி ஹப்பில் உள்ள லேன் போர்ட் என்றால் வேறொரு காரணமும் உண்டு. சில ஹப்புகள் 4கே 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு டைப்-சியின் நான்கு அதிவேகத் தடங்களையும் கொடுத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் 2.0இல் தள்ளிவிடும். இதற்கு வைத்தியம் கிடையாது. அடாப்டரைத் தனிப் போர்ட்டில் மாட்டுங்கள்.

காப்பி போடும் அளவுக்கே வராமல், இன்னொரு கணினி தெரியவே இல்லை என்றால்? போர்ட் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு ஐபியை (நெட்வொர்க்கில் கணினிக்குரிய முகவரி எண்) பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரூட்டர் முகவரி தரவில்லை. சரியான முகவரி இருந்தால் எதிர்க் கணினியைப் பிங் செய்யுங்கள் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை அது). இங்கே பலர் தடுமாறுவார்கள்: இரண்டு தோல்விச் செய்திகளும் ஒன்றல்ல. சொந்த ஐபியிலிருந்தே 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று வந்தால், அந்த முகவரியில் பதில் சொல்ல ஆளே இல்லை. வயர், ஸ்விட்ச், தவறான ஐபி பக்கம் தேடுங்கள். 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' என்றால், அதே நெட்வொர்க்கில் பெரும்பாலும் எதிர்க் கணினியின் ஃபயர்வால் வாயை மூடிக்கொண்டிருக்கிறது. ஏஆர்பி பட்டியலில் (எந்த ஐபி எந்தக் கருவிக்குரியது என்று கணினி வைத்திருக்கும் பட்டியல்) அதன் மேக் முகவரி (நெட்வொர்க் கருவியின் அடையாள எண்) வந்திருந்தால் வயர்மேல் குற்றமில்லை. அந்தக் கணினியில் நெட்வொர்க் புரொஃபைலைப் பப்ளிக்கிலிருந்து பிரைவேட்டுக்கு மாற்றி, ஃபைல் ஷேரிங்கை இயக்குங்கள்.

பிங் போயும் நெட்வொர்க் ஃபோல்டரில் பெயர் வரவில்லை என்றால் மெனக்கெடாதீர்கள். எக்ஸ்ப்ளோரர் முகவரிப் பட்டையில் \\192.168.1.20 என்பது போல ஐபியையே அடித்து உள்ளே போகலாம். பாஸ்வேர்டு கேட்டால் விண்டோஸைத் திறக்கும் பின் எண் செல்லாது, அந்தக் கணினியின் கணக்குப் பாஸ்வேர்டுதான் வேண்டும். பாஸ்வேர்டே இல்லாத கணக்கை விண்டோஸ் நெட்வொர்க் வழியே அனுமதிப்பதில்லை. விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்புக்கு மாறியபின் பழைய ஷேர் திறக்கவில்லை என்றால் காரணம் வேறு: கெஸ்ட் நுழைவு (கணக்கும் பாஸ்வேர்டும் இல்லாமல் உள்ளே போவது) அதில் இயல்பாகவே அடைக்கப்பட்டிருக்கிறது. அடைப்பைத் திறப்பதைவிட, பகிரும் கணினியில் ஒரு பயனர் கணக்கு போட்டுவிடுவது நல்லது.

ஸ்விட்ச் இல்லாமல் லேப்டாப்பையும் டெஸ்க்டாப்பையும் நேராக ஒரே வயரில் இணைப்பதானால் கிராஸ் கேபிள் தேவையில்லை, கிகாபிட் போர்ட்டுகள் தாமாகவே மாற்றிக்கொள்ளும். ஒன்றுக்கு 10.10.10.1, மற்றதற்கு 10.10.10.2, இரண்டிலும் மாஸ்க் 255.255.255.0. கேட்வேயை (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வாசலின் முகவரி) காலியாக விடுங்கள். நிரப்பினால் வைஃபையில் ஓடும் இன்டர்நெட் நின்றுபோக வாய்ப்புண்டு. வைஃபை 192.168.1 வரிசையில் இருக்க, வயருக்கும் அதே வரிசையைக் கொடுப்பதும் குழப்பம்.

நாள்பட்ட ஓட்டத்தில் வரும் சில்லறைத் தொல்லைகள் சில. லேப்டாப் தூங்கி எழுந்தால் அடாப்டர் காணாமல் போவது. டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், மின்சாரம் மிச்சம் பிடிக்க அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அப்படியும் இணைப்பு விட்டுவிட்டு வந்தால் மின்சாரம் மிச்சம் பிடிக்கும் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட் செட்டிங்கை டிஸேபிள் செய்யுங்கள். அடாப்டர் சூடாவது இயல்பு, லேப்டாப்பின் காற்றுப்போக்கி எதிரில் தொங்கவிடாதீர்கள். வயர்லெஸ் மவுஸ் திக்கினால் அதன் டாங்கிளை எதிர்ப் பக்கப் போர்ட்டுக்கு மாற்றுங்கள், யூஎஸ்பி 3.0 எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் விழுகிறது. ரூட்டரில் ஐபியைப் பதிவு செய்து வைத்திருந்தால் அது அடாப்டரின் மேக்கோடு ஒட்டியது. அடாப்டரை இன்னொரு லேப்டாப்புக்குக் கடன் கொடுத்தால் ஐபியும் கூடவே போகும்.

வாங்கும்போது சிப் பெயரும் யூஎஸ்பி 3.0உம் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெயரில்லாத மலிவு 2.0 அடாப்டர்களில் ஒரே மேக் முகவரியைப் பல பொருள்களில் அச்சடித்து அனுப்புவது உண்டு. அப்படி இரண்டை ஒரே ஸ்விட்ச்சில் மாட்டினால், ஒருவர் வேலை செய்யும்போது மற்றவருக்கு இணைப்பு அறுந்துகொண்டே இருக்கும். இந்தச் சந்தேகம் வந்தால் இரண்டு லேப்டாப்பிலும் பிசிக்கல் அட்ரஸ் (மேக் முகவரி) வரியை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றாக இருந்தால், ஒன்றின் அட்வான்ஸ்டு செட்டிங்கில் நெட்வொர்க் அட்ரஸ் என்ற இடத்தில் வேறு முகவரி கொடுத்து ஓட்டலாம். அந்த இடமே இல்லாத டிரைவர் என்றால் அடாப்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.