டாகுமென்டேஷன் யார் பொறுப்பு: கையா, ஸ்ஃபிங்ஸா, கஸ்டம் கமாண்டா?

குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. நிரல் சின்னதுதான், அதற்குள் இருக்கும் கணக்குதான் பெரியது. பசுந்தேயிலை வந்து இறங்கும்போதே எடை போட்டாக வேண்டும். விலையோ, தேயிலை வாரியம் மாதச் சராசரியை அறிவித்த பிறகுதான் தெரியும். நடுவில் விவசாயிக்குக் கொடுத்த முன்பணம், உரக் கடன், மழை நாளில் ஈரத்துக்காகக் கழிக்கும் எடை என்று எத்தனையோ. இவையெல்லாம் ஏதோ ஒரு ஃபங்ஷனுக்குள் (நிரலின் ஒரு சின்னப் பகுதிக்குள்) நாலு வரியாக உட்கார்ந்திருக்கும். எழுதியவர் பெங்களூருக்கு வேலை மாறிவிட்டால் அந்த நாலு வரிக்கு விளக்கம் சொல்ல ஆளில்லை.

இதற்கு டாகுமென்டேஷன், அதாவது நிரலுக்கான எழுத்து விளக்கம், வேண்டும் என்பதில் யாருக்கும் சண்டையில்லை. எதை வைத்து எழுதுவது என்பதில்தான் பேச்சு.

கையால் எழுதுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காரணத்தை அறிந்தவரே எழுதினால் அதற்கு மிஞ்சியது எதுவும் கிடையாது. ஆனால் எழுதமாட்டார்கள். எழுதினாலும் அடுத்த முறை கணக்கு மாறும்போது நிரல் மட்டும் மாறும், விளக்கம் பழையதாகவே கிடக்கும்.

அடுத்தது ஸ்ஃபிங்ஸ், விளக்கப் பக்கங்களை உருவாக்கித் தரும் கருவி. பைத்தான் மொழியின் சொந்த டாகுமென்டேஷனுக்காக ஜார்ஜ் பிராண்டல் உருவாக்கி 2008இல் வெளியிட்டது. இதன் ஆட்டோடாக் நீட்சி, ஃபங்ஷனுக்குள் எழுதிவைத்த விளக்க வாசகமான டாக்ஸ்ட்ரிங்கை எடுத்து அழகான பக்கமாக்கித் தரும். பந்தியில் பரிமாறும் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள், சமையல் அவர் வேலை அல்ல. டாக்ஸ்ட்ரிங் இல்லாத ஃபங்ஷனைத் தனியாகச் சொல்லாவிட்டால் பக்கத்தில் காட்டவே காட்டாது. எது விளக்கமில்லாமல் கிடக்கிறதோ அதுதான் பார்வையிலிருந்தும் மறைகிறது. கவரேஜ் நீட்சியைச் சேர்த்தால் விடுபட்டவற்றின் பட்டியலாவது கிடைக்கும்.

இன்னொரு விஷயம், ஆட்டோடாக் உங்கள் மாட்யூலை, அதாவது நிரல் கோப்பை, உண்மையிலேயே இம்போர்ட் செய்யும், அதாவது ஓட்டிப் பார்க்கும். மின்தராசிலிருந்து எடையை வாங்கும் மாட்யூல், கோப்பின் மேல்வரியிலேயே தராசோடு இணைக்கும் சீரியல் போர்ட்டைத் திறக்கிறது என்றால், தராசு இல்லாத லேப்டாப்பில் அந்த மாட்யூலின் பக்கம் வராது, எரர்தான் வரும். அந்தப் போர்ட்டோடு பேசும் பைசீரியல் நூலகத்தைப் போலி இம்போர்ட் பட்டியலில் போட்டால் சமாளிக்கலாம். போர்ட் திறப்பதைத் தனி ஃபங்ஷனுக்குள் தள்ளுவதுதான் ஒழுங்கான வழி. தராசின் சர்க்யூட் போர்டில் ஓடும் சி மொழி நிரலுக்கு இந்தத் தலைவலி இல்லை. அங்கே டாக்ஸிஜன் போதும். 1997 முதல் இருக்கிற கருவி, நிரலை ஓட்டாமல் வாசித்தே வேலையை முடிக்கும். படம் வரையும் கிராஃப்விஸ் கருவியும் கூட இருந்து, அமைப்பில் கேட்டுக்கொண்டால் எந்த ஃபங்ஷன் எதை அழைக்கிறது என்று படமும் போட்டுத் தரும்.

இப்போது கஸ்டம் கமாண்ட், அதாவது ஏஐயிடம் அடிக்கடி சொல்லும் வேலையை ஒரு பெயரில் சேமித்துவைப்பது. நிரல் எழுத உதவும் ஏஐ கருவியான கிளாட் கோடில் இது வெறும் மார்க்டவுன் கோப்பு (எளிய உரைக் கோப்பு). புராஜெக்ட்டின் கமாண்ட்ஸ் கோப்புறையில் போட்டால் கோப்பின் பெயரே கமாண்டின் பெயராகிவிடும். அதற்குப் பின்னால் நீங்கள் தட்டுவது, கோப்பில் விட்டுவைத்த இடத்தில் போய் உட்காரும். நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் சேர்த்துவிட்டால் குழு முழுவதற்கும் ஒரே கமாண்ட். கடைசி கமிட்டுக்கு, அதாவது கடைசிப் பதிவுக்கு, பிறகு மாறியவற்றை கிட் டிஃப் வழியாக இழுத்து, அவற்றுக்கு மட்டும் எழுதச் சொல்லவும் முடியும்.

இது சமைக்கிற ஆள். வேகமாகவும் சமைக்கும். சிக்கல் என்னவென்றால், இல்லாத பொருளையும் போட்டுவிடும். எங்கள் நிரலில் நிகர எடையைக் கணக்கிடும் ஃபங்ஷன் ஒன்று, வரும் எண்ணை அரைக்கிலோ கணக்கில் கீழ்நோக்கிச் சுருக்கும் (12.8 வந்தால் 12.5 ஆக்கும்). ஏன் என்று நிரலில் எங்கும் இல்லை. பழைய கைக்கணக்கு லெட்ஜரோடு ஒத்துப்போக வேண்டும் என்று தொழிற்சாலையில் கேட்டதால் அப்படி. “இரண்டு வரியில் விளக்கு” என்று மட்டும் சொன்னால், எந்த ஏஐ மாடலானாலும் “தராசின் துல்லியத்தைக் கருத்தில் கொண்டு” என்று சரளமாக ஒரு காரணத்தை எழுதிவிட வாய்ப்பு அதிகம். வாசிக்க நன்றாகவே இருக்கும். ரிவ்யூ செய்பவரும் தலையாட்டிவிடுவார். அப்புறம் நல்ல தராசு வாங்கிய அன்று, இனி இது எதற்கு என்று யாரோ அந்த வரியை எடுத்துவிடுவார்கள். பணம் குறைந்தது ஏன், கூடியது ஏன் என்று விவசாயி வந்து கேட்பது அதற்குப் பிறகு.

அதனால் கமாண்ட் கோப்பில் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் கோப்பின் சாரம் இது:

“டாக்ஸ்ட்ரிங் இல்லாத ஃபங்ஷன்களை மட்டும் எடு. எழுதுமுன் அதை யார் அழைக்கிறார்கள் என்று தேடிப் பார். உள்ளே வருவது, வெளியே போவது, எழும் எரர் ஆகியவற்றை நிரலில் கண்டபடி எழுது. நிரலில் ஒரு எழுத்தையும் மாற்றாதே. காரணம் கமென்ட்டிலோ கமிட் செய்தியிலோ இல்லையென்றால் ஊகிக்காதே. ‘கேள்வி:’ என்று தொடங்கி ஒரு வரி எழுது.”

அந்தக் கடைசி வரிக்காகவே நான் கஸ்டம் கமாண்ட் பக்கம் சாய்கிறேன். அரைக்கிலோ ஃபங்ஷனுக்கு இப்போது வருவது, “கேள்வி: எடையை ஏன் மேல்நோக்கி அல்லாமல் கீழ்நோக்கிச் சுருக்குகிறோம்?” இந்தக் கேள்வியை ஸ்ஃபிங்ஸ் கேட்காது. நிரலோடு பழகிப்போன நாமும் கேட்கமாட்டோம். ஊகிக்காதே என்று சொன்னதாலேயே ஊகம் அடியோடு நின்றுவிடாது என்பதும் உண்மைதான், கண் வைத்தே பார்க்க வேண்டும்.

மற்ற கணக்குகளில் ஸ்ஃபிங்ஸ்தான் ஜெயிக்கிறது. காசு கிடையாது. ஒரே நிரலுக்கு எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே பக்கம்தான் வரும், கமாண்ட் ஒவ்வொரு முறையும் வாசகத்தை மாற்றும். ஐப்பசி மழையில் மரம் விழுந்து கரன்ட்டும் ஃபைபரும் சேர்ந்து போனால், லேப்டாப் பேட்டரியில் ஸ்ஃபிங்ஸ் ஓடும். கமாண்ட் இன்டர்நெட் வரும்வரை சும்மா இருக்கும். விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண்ணோடு கிடக்கும் சோதனைக் கோப்புகள் இருந்தால், அவற்றைக் கருவி வாசிக்காதபடி அனுமதி அமைப்பில் முதலிலேயே தடை போட்டுவிடுங்கள்.

ஆக எங்கள் ஏற்பாடு, கமாண்ட் வரைவு போடும், ஸ்ஃபிங்ஸ் பக்கமாக்கும். ‘கேள்வி:’ என்ற சொல் நிரலில் எங்காவது மிச்சமிருந்தால் ரிலீஸ் பில்டு நின்றுவிடும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டும் உண்டு. பெரும்பாலான கேள்விகளுக்குப் பதில் தெரிந்தவர் தொழிற்சாலை அக்கவுன்டன்ட்தான். விலை அறிவிப்பு வந்து பட்டுவாடா நடக்கும் நாட்களில் அவரிடம் எதைக் கேட்டாலும் திட்டுதான் கிடைக்கும், எனவே கமாண்டை மாத நடுவில் ஓட்டுங்கள்.