பூத்த சாமந்தித் தொட்டி வாங்கும் முன் அடிமண்ணைப் பாருங்கள்

ஐப்பசி பிறந்ததும் நர்சரி வாசல்களில் சாமந்தித் தொட்டிகள் வரிசை கட்டும். மார்கழிக்குள் சிவப்பு இலைச் செடியான பாய்ன்செட்டியாவும் வந்துவிடும். இந்தச் சீசனில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடிக்கு இரண்டையும் ஒரே நர்சரியில் மொத்தமாக வாங்கினோம். விற்றவர் சொன்னது: “குட்டை ரகம் சார், வருஷம் பூரா பூக்கும், தொட்டி மாத்தவே வேணாம்.” மூன்றுமே பொய். சாமந்தி சில வாரங்களில் கருகியது. படம் அனுப்பிக் கேட்டதற்கு வந்த பதில், “தண்ணி ஜாஸ்தி ஊத்தியிருப்பீங்க.”

தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது மேலே இரண்டு அங்குலம் தென்னை நார்க்கழிவு, அதற்குக் கீழே கைப்பிடி அளவில் இறுகிய களிமண் உருண்டை. அதற்குள் தண்டு, அதன் அடியில் மண்வெட்டியால் ஒரே வெட்டாக அறுபட்ட வேர்கள். புது வெள்ளை வேர் ஒன்றுகூட இல்லை. வயலில் பூத்து நின்ற செடியைப் பெயர்த்துத் தொட்டியில் சொருகி விற்றிருக்கிறார்கள். வேறு சில தொட்டிகளில் நான்கு தனித்தனிக் குச்சிகள். ஒன்றுக்கு நாற்றுக் கவரைக்கூடக் கிழிக்கவில்லை.

இப்படிப்பட்ட செடி ஏன் சாகிறது? பூவும் இலையும் நீரை இழந்துகொண்டே இருக்கும், ஈடுகட்ட வேர் கிடையாது. ஊற்றும் தண்ணீர் நார்க்கழிவு வழியாக ஓரமாக இறங்கி ஓட்டையில் வெளியேறிவிடும், உள்ளே உருண்டை காய்ந்தே கிடக்கும். வாடுகிறதே என்று மேலும் ஊற்றினால் களிமண் ஊறி, காற்றுப் புகாமல் தண்டின் அடி அழுகும். கருத்த தண்டைக் காட்டினால் பழி நம் மேல் விழுவது இதனால்தான்.

பணம் கொடுக்கும் முன் தண்டை மண் மட்டத்தில் பிடித்து மெதுவாக மேலே இழுத்துப் பாருங்கள். தொட்டியிலேயே வளர்ந்த செடி என்றால் மண் மொத்தமும் சேர்ந்து அசையும். சொருகிய செடி என்றால் தண்டு மட்டும் ஆடும். தொட்டியின் அடி ஓட்டையில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்க வேண்டும். கீழ் இலைகள் கருத்திருந்தாலும், மொட்டுக் காம்பில் அசுவினிப் பூச்சி அப்பியிருந்தாலும் வேண்டாம். முழுக்க விரிந்த தொட்டியை விட, மூன்றில் ஒரு பங்கு மொட்டு மட்டும் நிறம் காட்டும் தொட்டியே மேல்.

“குட்டை ரகம்” என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அது வளர்ச்சி ஒடுக்கி மருந்தின் வேலை. மாந்தோப்புக்காரர்கள் கல்டார் என்று அறிந்த பாக்லோபியூட்ரசாலும் இதே வகைதான். கணுக்கள் நெருங்கி, இலை கரும்பச்சையாகத் தடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். மருந்தின் வீரியம் குறைந்ததும் செடி நெடுநெடுவென்று வளரும். பாக்லோபியூட்ரசால் மண்ணில் நெடுநாள் தங்கும், ஆகவே அந்தத் தொட்டி மண்ணைக் கீரைக்கோ தக்காளிக்கோ போட்டுவிடாதீர்கள், அவையும் குறுகிப்போகும்.

வருஷம் முழுக்கப் பூப்பதும் வீட்டில் நடக்காது. சாமந்தியும் பாய்ன்செட்டியாவும் இரவு நீளும்போது பூக்கும் செடிகள். சென்னையில் ஜூன் மாதப் பகல் 13 மணி நேரத்தை நெருங்கும். டிசம்பரில் சுமார் 11 மணி 20 நிமிடம். பசுமைக்குடிலில் விளக்கும் கறுப்புத் துணியும் வைத்து இந்தக் கணக்கை மாற்றுகிறார்கள். மாடியில் அது முடியாது.

பாய்ன்செட்டியாவில் சிவப்பாக இருப்பது பூவடி இலை. உண்மையான பூ நடுவிலிருக்கும் சிறு மஞ்சள் குமிழ்கள். குமிழ்கள் மூடியிருந்தால் செடி புதியது. உதிர்ந்து நடு மொட்டையாக இருந்தால் சிவப்பும் சீக்கிரம் கொட்டும். எங்களுக்கு வந்தவை எல்லாம் நடு மொட்டை. பிளாஸ்டிக் உறையில் நாள்கணக்கில் சுற்றி வைத்ததையும் தவிருங்கள்: செடியே வெளிவிடும் எத்திலீன் வாயு உள்ளே சேர்ந்து இலைக்காம்புகள் தொங்கிவிடும். இலையின் அடியில் வெள்ளை ஈ இருக்கிறதா என்றும் திருப்பிப் பாருங்கள்.

நீலச் சாமந்தி என்று கூடுதல் விலை சொன்னால் நகர்ந்துவிடுங்கள். உண்மையான நீலத்தை 2017இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மரபணு மாற்றத்தால் கொண்டுவந்தார்கள். நம் நர்சரியில் இருப்பது சாயம். இதழ் நரம்பில் நிறம் அடர்ந்திருக்கும், அடுத்த மொட்டு வெள்ளையாக விரியும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பூவுக்காகக் காத்திருக்காமல் சாமந்தியைத் தரையிலிருந்து நான்கு அங்குலம் விட்டு வெட்டுங்கள். களிமண்ணைத் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்து, குச்சிகளைப் பிரித்து, செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மண்புழு உரம் ஒன்று கலந்து நடுங்கள். புதுத் துளிர் வரும்வரை நிழல். அதுவரை வேறு உரம் எதுவும் வேண்டாம். வேர் துளியும் இல்லாததைக் காப்பாற்ற முடியாது.

பாய்ன்செட்டியாவை மார்ச்சில் ஆறு அங்குலத்துக்கு வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் வடியும் பால் தோலில் பட்டால் அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். செப்டம்பர் கடைசியிலிருந்து தெருவிளக்கும் டியூப்லைட்டும் படாத மூலைக்கு நகர்த்தினால், எட்டிலிருந்து பத்து வாரத்தில் சிவக்கும். இருட்டில் சிறிது வெளிச்சம் விழுந்தாலும் பச்சையாகவே நிற்கும்.

அடுத்த சீசனுக்குச் சாமந்தி வேண்டுமென்றால் ஜூன், ஜூலையிலேயே வேர்விட்ட பக்கக்கன்றாக வாங்குங்கள். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் ரகங்களில் கோ 1 மஞ்சள், கோ 2 ஊதா. நட்ட நான்காவது வாரம் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்து, குளிர் தொடங்கும்போது தொட்டி நிறையப் பூக்கும்.