கொரியன் கிளாசும் 5000 வொன் தாளில இருக்கிற மனிசனும்

தம்பி கொரியாவுக்கு வேலைக்குப் போகச் சோதினை எடுக்கப்போறான், அவனைக் கொண்டுபோய் விடப்போன நானும் கடைசியில கிளாசில சேர்ந்திட்டன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம், பேர் போடேல்ல, ஏனெண்டா குறையும் சொல்லப்போறன்.

மேல்மாடி, தகரக்கூரை, பின்னேரம் 3 மணிக்கு அவிச்சு எடுக்கும், ரெண்டு பானில ஒண்டுதான் சுத்தும். ரியூட் எல்லாம் மங்கின போட்டோகொப்பி, கொரியன் எழுத்தில ஒரு சின்னக் கோடு தெரியாட்டி வேற எழுத்தாயிடும், அதுக்கு இப்பிடியோ அடிக்கிறது?

ஆனா சேர் சும்மா சொல்லக்கூடாது. எண் படிப்பிச்ச அண்டு பேர்சுக்குள்ள இருந்து 5000 வொன் தாள் ஒண்டை எடுத்து வாங்கு வாங்கா அனுப்பினார். தாடி வைச்ச ஒராள். பேர் யி இயாம், யுல்கொக் எண்டும் சொல்லுவினமாம், 1536இல பிறந்தவர், கொரியாவைப் பழைய காலத்தில ஆண்ட ஜோசன் அரசவையில அமைச்சரா இருந்த கன்பியூசியஸ் பண்டிதர். அரசாங்கச் சோதினையள் ஒன்பதில முதலாம் ஆளா வந்தவராம், எங்கட அம்மாமார் கேட்டா படத்தைச் சாமியறையில மாட்டியிருப்பினம். அந்த மனிசனும் தாய் செத்த துக்கத்தில, துடக்குக் காலம் முடிய, மலையில இருந்த புத்த மடத்துக்குப் போயிட்டார், ஒரு வருசம் மட்டில திரும்பி வந்தாலும் பிறகு அரசவையில எதிராளியள் அதையே சொல்லிச் சொல்லிக் குத்தினவையாம். 1583இல படை அமைச்சரா இருக்கேக்க படையைத் திருத்தச்சொல்லி ராசாவுக்கு எழுதிக் குடுத்தார், அடுத்த வருசம் ஆள் செத்திட்டார், 1592இல யப்பான்காரன் வந்து இறங்கிட்டான்.

தாளைத் திருப்பினா வத்தகப்பழம், அது தாய் ஷின் சைம்தாங் கீறின படமாம். தாய் இருக்கிறது 50000 வொன் தாளில, மகனை விடப் பத்து மடங்கு!

இதிலயே அரை மணித்தியாலம் போச்சு, பின்வாங்கில ஒரு பெடியன் "இது சோதினைக்கு வருமோ சேர்" எண்டு கேட்டேவிட்டான். அவன் கேட்டதும் நியாயம்தான், காசு கட்டிப் படிக்கிறம். ஆனா எனக்கு மற்ற நாள் படிச்ச எண் ஒண்டும் நிக்கேல்ல, மகன் ஓச்சொன் (5000), தாய் ஓமான் (50000), இது ரெண்டும் மட்டும் மறக்காது.

5க்கு மூண்டரை குடுப்பன். போறாக்கள் நேரத்தோட போய் யன்னல் பக்க வாங்கைப் பிடியுங்கோ, சுத்துற பான் அந்தப் பக்கம்தான்.